நெஞ்செரிச்சலும் செட்டிநாட்டு விருந்தும்

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினோம் என்று சொன்னால், நேயர்கள் நம்மைக் கேட்கக்கூடிய முதல் கேள்வி இன்னதென்று நமக்குத் தெரியும். பெண் எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று யாரும் கேட்கப் போவதில்லை. "பந்தியில் என்னென்ன போட்டார்கள்?" என்றுதான் கேட்பார்கள். சொல்லத் தயாராகவே இருக்கிறோம். கந்தரப்பம் உண்டு. கவுனியரிசி உண்டு. உக்காரை, மசாலைச் சீயம், வெள்ளைப் பணியாரம், அதற்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல் எல்லாம் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரை இலையில் விழுந்தவற்றைப் பற்றியது அல்ல. இலையில் உட்கார்ந்தும் உண்ணாமல் எழுந்தவர்களைப் பற்றியது.

நமக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஜவுளி வியாபாரி. இலை நிறைய இருந்தது. அவர் ஒரு பிடி தயிர்சாதத்தைப் பிசைந்து உண்டுவிட்டு, மற்ற பதார்த்தங்களைக் கோயிலில் நைவேத்தியத்தைப் பார்ப்பது போல் பக்தியுடன் பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறியவர் கந்தரப்பத்துடன் வந்து நின்றபோது இரண்டு கைகளாலும் இலையை மறைத்துக்கொண்டார்.

"வேண்டாம், தம்பி! எனக்கு அல்சர்" என்றார்.

எதிர்ப்பந்தியில் இருந்த ஒருவர் உடனே, "எனக்கும் அல்சர்தான். நாம மாத்திரையைப் போட்டுக்கிட்டுச் சாப்பிடறது" என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அவருக்கு அடுத்திருந்தவரும் தம்முடையதை எடுத்துக் காட்டினார். முன்காலத்தில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒருவருக்கொருவர் உபசரித்துக்கொண்டது போல, அந்தப் பந்தியில் மாத்திரை உபசாரம் நடந்தது.

சிரிக்கத்தக்க காட்சிதான். நாமும் சிரித்தோம். அன்று இரவு கண்ட காட்சிக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

கல்யாண வீட்டுக்காரர் நமது பழைய நண்பர். அவருடைய பூர்வீக வீட்டிலேயே நம்மைத் தங்க வைத்திருந்தார். செட்டிநாட்டு வீடு எப்படி இருக்கும் என்பதை வாசகர்கள் படங்களிலாவது பார்த்திருப்பார்கள். முகப்பைக் கடந்தால் வளவு. வளவைக் கடந்தால் இரண்டாங்கட்டு. அதற்கும் அப்பால் கட்டுக்கள். பர்மாத் தேக்குத் தூண்கள். காலுக்குக் குளிர்ந்த ஆத்தங்குடிக் கற்கள். பின்னிரவில் தண்ணீர் குடிப்பதற்காக எழுந்து வளவுக்கு வந்தோம். அங்கே சாய்வு நாற்காலி ஒன்றில் நண்பருடைய தாயார் விழித்தபடி உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். மடியில் ஒரு சொம்பு தண்ணீர்.

"என்ன ஆச்சி, தூக்கம் வரவில்லையா?" என்று கேட்டோம்.

"தூக்கம் வருது, தம்பி. படுக்கத்தான் முடியலே. படுத்தா நெஞ்சுக்கு ஏறி வருது. புளிச்ச தண்ணியா வாய் வரைக்கும் வந்துடுது. பதினோரு வருஷமா எனக்கு இந்த நாற்காலிதான் கட்டில்" என்றார்.

அந்த வீட்டில் தேக்குக் கட்டில்களுக்குக் குறைவு கிடையாது. கப்பலேறி வந்த கட்டில்கள். நான்கு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாதவை. அவற்றுக்கெல்லாம் சொந்தக்காரியான அம்மாள் பதினோரு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கிறார்! மறுநாள் காலையில் நண்பரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். "ஆத்தாவுக்கு அல்சர். வயசாச்சில்ல?" என்றார். இரண்டே வாக்கியம். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது.

ஆச்சிக்கு இருந்த வியாதி அல்சர் அல்ல. பந்தியில் மாத்திரை காட்டியவர்களிலும் பெரும்பாலோருக்கு அது அல்சராக இருக்கும் என்று நாம் நம்பவில்லை. அந்த வியாதிக்குத் தமிழில் நல்ல பெயர்கள் முன்பே உண்டு. எதுக்களிப்பு என்பார்கள், புளியேப்பம், நெஞ்சுக் கரிப்பு என்பார்கள். இந்தப் பழைய பெயர்கள் வியாதியை உள்ளபடி சொல்கின்றன. கீழே இருக்க வேண்டியது மேலே ஏறி வருகிறது. வரும்போது புளிக்கிறது, கரிக்கிறது. இப்படி உள்ளதைச் சொல்லும் சொற்களை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் 'புண்' என்று பொருள்படும் அல்சர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டோம். அந்தத் தவறான பெயர் ஆச்சியை எந்தப் பாடு படுத்தியது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில், உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

நமது இரைப்பை நாள் ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரையில் ஒரு நீரைச் சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை வில்லியம் பிரவுட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1824-ல் வெளியிட்டபோது, வைத்திய உலகில் பலர் நம்ப மறுத்தார்கள். இரும்பை அரிக்கும் திராவகம் மனிதன் வயிற்றில் எப்படி இருக்க முடியும் என்பது அவர்கள் சந்தேகம். அரிப்பு விஷயத்தைக் காரைக்குடிக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அந்த ஊரில்தான் இருக்கிறது. உலோகங்கள் அரிக்கப்படுவது ஏன், அதைத் தடுப்பது எப்படி என்பது அங்கே நடக்கும் ஆராய்ச்சிகளில் முக்கியமான ஒன்று. ஊரின் ஒரு பக்கத்தில் விஞ்ஞானிகள் இரும்பை அமிலத்திலிருந்து காப்பாற்ற வழி தேடிக்கொண்டிருக்க, மறு பக்கத்தில் ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இரைப்பையின் உட்சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் கவசம் உண்டு. அதற்கு மேலே இருக்கும் உணவுக்குழாய்க்கு அத்தகைய கவசம் கிடையாது. இரண்டும் சேரும் இடத்தில் வட்டமான ஒரு தசை, சுருக்குப் பை வாயைக் கயிறு இறுக்குவது போல் இறுக்கிக்கொண்டிருக்கிறது. நாம் விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்ள வேண்டும். அந்தச் சுருக்கு அடிக்கடி அவசியமில்லாமல் தளர்ந்தாலும், அல்லது இரைப்பையின் நுனி உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் ஏறிவிட்டாலும், அமிலம் மேலே வருகிறது. நிற்கும்போது பூமியின் ஈர்ப்பு அதைக் கீழே இழுத்து வைக்கிறது. படுத்தால் அந்தத் துணையும் இல்லை. வயிறு நிறைய உண்டுவிட்டு உடனே படுப்பவர்கள், பருத்த வயிறு உடையவர்கள், கர்ப்பிணிகள், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் ஆகியோர் இதனால் அதிகம் அவதிப்படுவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இதற்கு அல்சர் என்ற பெயர் எப்படி வந்தது? அந்தக் கதை சுவாரஸ்யமானது. அதற்குக் காரைக்குடியிலிருந்து தெற்கே, கன்னியாகுமரி ஜில்லாவில் இருக்கும் நெய்யூருக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர்.

1922-ல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற ஆங்கிலேயக் கோஷ்டியில் ஹோவர்ட் ஸாமர்வெல் என்ற ஸர்ஜன் இருந்தார். மலையிலிருந்து இறங்கியதும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்ததும், லண்டனில் காத்திருந்த உத்தியோக வாழ்வை உதறிவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்துவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார். இறங்கும் வழியில் அவருடைய தொண்டையின் உட்சவ்வு உரிந்து மூச்சை அடைத்துக்கொள்ள, இரண்டு கைகளாலும் மார்பை அமுக்கி அதை வெளியே தள்ளி உயிர் பிழைத்தார். தொண்டைக்கு ஒன்று வந்தால் என்ன பாடு என்பது அநுபவத்தில் தெரிந்த மனிதர்! நெய்யூரில் அவரும் அவருடைய சகாக்களும் செய்த ரண சிகிச்சைகளில் பல குடற்புண்ணுக்காகச் செய்தவை. ஆயிரக்கணக்கான ஏழை விவசாயிகள், தாங்க முடியாத வயிற்று வலியுடன் அவரிடம் வந்தார்கள்.

அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் எலிகளுக்கு நம் நாட்டின் பல பிரதேசங்களின் ஆகாரத்தைத் தனித்தனியே கொடுத்து ஆராய்ந்தார். மரவள்ளிக் கிழங்கு மிகுந்த திருவிதாங்கூர் ஆகாரம் தின்ற எலிகளில் கால்வாசிக்கு மேற்பட்டவற்றுக்கு வயிற்றில் புண் வந்தது. பிற்காலத்தில் மல்ஹோத்ரா என்ற ரயில்வே டாக்டர், வடக்கத்தி ரயில் தொழிலாளரைவிடத் தெற்கத்தித் தொழிலாளருக்குக் குடற்புண் அதிகம் என்று கண்டு, ரொட்டியை மென்று தின்பதற்கும் சோற்றை விழுங்குவதற்கும் உள்ள வித்தியாசமே காரணம் என்றார். மைசூரில் பல வருஷம் ஸர்ஜனாக இருந்த பிராங்க் டோவி, அரிசி தேசம், கோதுமை தேசம் என்று புண்ணுக்குப் பூகோள படமே போட்டார். இப்படியாக அல்சர் என்ற சொல் தென்னாட்டில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. பொய்யாக நுழையவில்லை. உண்மையான வியாதியுடன்தான் நுழைந்தது.

பிறகு ஆட்டம் மாறிவிட்டது. 1982-ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இருவர், குடற்புண் பெரும்பாலும் ஒரு கிருமியால் வருவது என்று கண்டார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிகளைக் கலந்து தாமே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கிருமியைக் கொல்லும் மருந்துகளை இரண்டு வாரம் உட்கொண்டால் பெரும்பாலோருக்குப் புண் ஆறித் திரும்பி வராமல் போகிறது. ஸாமர்வெல்லிடம் வந்த கூட்டம் இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. வியாதி மிகவும் குறைந்துவிட்டது. பெயர் மட்டும் காலியாக நின்றது. காலி வீட்டில் வேறு ஆள் குடியேறுவது போல, அந்தப் பெயருக்குள் எதுக்களிப்பு குடியேறிவிட்டது.

பெயர் எதுவானால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். ஆச்சியின் கதையைக் கேளுங்கள். குடற்புண் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் வலி எழும். ஏதாவது உண்டால் சற்று அடங்கும். ஆகையால், "அல்சர்காரர்கள் வயிற்றைக் காலியாக விடக் கூடாது, படுக்கும்போது பால் குடிக்க வேண்டும்" என்ற யோசனை பழைய காலத்திலிருந்து வழங்கி வருகிறது. ஆச்சிக்கு அல்சர் என்று யாரோ சொன்ன நாள் முதல், மருமகள் ஒரு நாளும் தவறாமல் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தம்ளர் பாலும் இரண்டு ரஸ்க்கும் கொடுத்து வந்திருக்கிறார். மிகுந்த அன்புடன் கொடுத்திருக்கிறார். எதுக்களிப்பு உள்ளவருக்குப் படுக்கும் சமயத்தில் வயிற்றை நிரப்புவதைப் போன்ற தீங்கு வேறில்லை. பால் முதலில் இதமாக இருக்கும். சற்று நேரத்தில் அதுவே மேலும் அமிலத்தைச் சுரக்கச் செய்யும். பதினோரு வருஷமாக ஒவ்வோர் இரவும் வியாதிக்கு விருந்து நடந்திருக்கிறது!

அல்சர் என்ற பெயருக்கு அடுத்தபடியாகப் பழி சுமப்பது செட்டிநாட்டுச் சமையல். "அவ்வளவு காரம் தின்றால் வராமல் என்ன செய்யும்?" என்று பட்டணத்து நண்பர்கள் சொல்கிறார்கள். செட்டிநாடு என்று பலகை மாட்டிய பட்டணத்து ஹோட்டல்களில் சாப்பிட்டுவிட்டு அவர்கள் இப்படிப் பேசுகிறார்கள். நகரத்தார் வீட்டுச் சமையலில் மிளகும் சோம்பும் பட்டையும் கல்பாசியும் மணக்கும். கண்ணில் நீர் வரவழைப்பது அதன் நோக்கமல்ல. அது கிடக்கட்டும். மிளகாய் குடற்புண்ணை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. சிங்கப்பூரில் 1995-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், புண் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மிளகாய் தின்றவர்கள் என்று தெரிந்தது. எதுக்களிப்பு விஷயம் சற்று வேறு. ஏற்கனவே அரிபட்ட உணவுக்குழாயில் காரம் பட்டால் எரியத்தான் செய்யும். ஆயினும், அந்தப் பந்தியில் நம் பார்வைக்குக் குற்றவாளியாகத் தென்பட்டது மிளகாய்த் துவையல் அல்ல. எண்ணெயில் பொரித்த பணியாரங்களும் நெய்யும்தான். கொழுப்பு மிகுந்த ஆகாரம் இரைப்பையை விட்டு மெதுவாகவே வெளியேறுகிறது. அதையும் இரவு பத்து மணிக்கு உண்டு, பதினொரு மணிக்குப் படுத்தால் என்ன ஆகும்?

சிங்கப்பூரைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அங்கே 1998-ல் வெளியான வேறோர் ஆராய்ச்சியில், நெஞ்செரிச்சல் சீனர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவும், மலாய்க்காரரில் நூற்றுக்கு மூவருக்கும், இந்தியர்களில் நூற்றுக்கு ஏழரைப் பேருக்கும் இருப்பதாகக் கண்டார்கள். நம் நாட்டு ஜீரண மண்டல வைத்தியர்கள் சங்கம் 12 இடங்களில் 3,200-க்கு மேற்பட்டவர்களைக் கேட்டு 2011-ல் வெளியிட்ட கணக்கிலும் நூற்றுக்கு ஏழரைப் பேர் என்றே வருகிறது. செட்டியார்கள் கப்பலேறிப் போன ஊரிலும், புறப்பட்ட தேசத்திலும் அதே ஏழரை! சோதிடத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் இதைச் சனி பகவான் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

மூன்றாவது தவறான பெயர் ஒன்று உண்டு. அதைப் பற்றி விளையாட்டாக எழுத நமக்கு மனம் வரவில்லை. மார்பில் எந்த வேதனை வந்தாலும் 'வாயு' என்றும் 'கேஸ்' என்றும் சொல்லி, ஒரு சோடாவை உடைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்துகொள்வது நமது ஜனங்களின் வழக்கம். நமக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் அப்படித்தான் ஒரு மாலை சோடா குடித்தார்; பிறகு இஞ்சிச் சாறு குடித்தார்; பழ உப்பு கரைத்துக் குடித்தார். வியர்த்துக் கொட்டியதைப் புழுக்கம் என்று நினைத்தார். ஆஸ்பத்திரி அரை மைலில் இருந்தது. காலையில் அவரை மயானத்துக்குக் கொண்டுபோனோம். மார்பின் நடுவில் அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல், நடந்தால் அதிகமாகி நின்றால் குறையும் வலி ஆகியவை இருதயத்தின் குரலாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாமலும் வரும். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து ஆராய்ச்சி செய்ய வேண்டாம். 108-க்குச் சொல்லி அனுப்பினால் வண்டி வருகிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் அந்த வசதி உண்டு. இருதயப் படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, வெறும் நெஞ்செரிச்சல் என்று டாக்டர் சொன்னால், வெட்கப்படாமல் சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

வெறும் நெஞ்செரிச்சல் என்று எழுதிவிட்டோம். அந்த 'வெறும்' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வியாதியால் யாரும் அநேகமாகச் சாவதில்லை. ஆகையால் அதை யாரும் மதிப்பதுமில்லை. வைத்தியர்களே வெகு காலம் வரையில், உள்ளே குழாய் விட்டுப் பார்த்துப் புண் பெரிதா சிறிதா என்பதைக் கொண்டுதான் வியாதியை அளந்தார்கள். உள்ளே புண் சிறிதாக இருப்பவர் இரவெல்லாம் விழித்திருப்பதும், புண் பெரிதாக இருப்பவர் குறட்டை விட்டுத் தூங்குவதும் உண்டு. 1996-ல் அமெரிக்க ஸர்ஜன் வெலனோவிச் என்பவர் நோயாளியையே கேட்டுவிடுவது என்று தீர்மானித்துச் சில எளிய கேள்விகளைத் தயார் செய்தார். எரிச்சல் எவ்வளவு? படுத்தால் வருகிறதா? சாப்பிட்ட பிறகு வருகிறதா? தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? அதற்காகச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டீர்களா? விழுங்குவது கஷ்டமா? இப்படிப் போகின்றன அவை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 5 வரை மதிப்பெண். இந்தப் பரீட்சையில் அதிக மார்க் வாங்குகிறவர் பரிதாபத்துக்கு உரியவர்.

அந்தக் கேள்விகளை ஆச்சியிடம் நாம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தோம். சாப்பாட்டை மாற்றிக்கொண்டாரா என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலை மறக்க முடியாது.

"சாப்பாட்டை மாத்திக்கிட்டது பெரிசில்லே, தம்பி. ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போனா, இலையில கை வைக்காம எழுந்திரிக்க முடியுமா? சம்பந்தி வீட்டுக்காரங்க குறையா நினைப்பாங்க. அதனால போறதையே விட்டுட்டேன். பேத்தி சடங்குக்குக்கூடப் போகலே."

விருந்தோம்பலே பெருமையாகக் கொண்ட ஒரு நாட்டில், உண்ண முடியாதவர் வெறும் நோயாளியாக மட்டும் இருப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊர் உறவிலிருந்தே விலகிப்போகிறார். எந்தக் குழாயை விட்டுப் பார்த்தாலும் இது தெரியாது.

நம்முடைய வற்புறுத்தலின் பேரில் நண்பர் தம் தாயாரைக் காரைக்குடியிலுள்ள ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். நாமும் கூடப் போனோம். அந்த டாக்டர் மருந்து எழுதும் முன் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். இந்தக் காலத்தில் இது அதிசயம் என்பதால் குறிப்பிடுகிறோம். எத்தனை மணிக்குச் சாப்பாடு? எத்தனை மணிக்குப் படுக்கை? வெற்றிலையோடு புகையிலை உண்டா? (உண்டு; ஆச்சி தலையைக் குனிந்துகொண்டார்.) ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை? சில ரத்த அழுத்த மாத்திரைகள் உணவுக்குழாயின் சுருக்கைத் தளர்த்தக்கூடியவை. அதைத் தாமாக நிறுத்தக் கூடாது, வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று தாம் பார்ப்பதாகச் சொன்னார். விழுங்கும்போது அடைக்கிறதா, ரத்த வாந்தி உண்டா, மலம் கறுத்துப் போகிறதா, உடம்பு இளைத்ததா என்றும் கேட்டார். இவற்றில் ஒன்று இருந்தாலும், வயதான பிறகு புதிதாக எரிச்சல் தொடங்கினாலும், தாமதிக்காமல் உள்நோக்கிக் குழாயால் பார்த்துவிட வேண்டுமாம். ஆச்சிக்குப் பதினோரு வருஷக் கதையானபடியால் எப்படியும் ஒரு முறை பார்த்துவிடுவது என்று மதுரைக்கு அனுப்பினார். உணவுக்குழாயின் கீழ்முனையில் கோடு கோடாக அரிப்பு. இரைப்பையின் நுனி சற்று மேலே ஏறியிருக்கிறது. இரைப்பையிலோ குடலிலோ புண் கிடையாது. பதினோரு வருஷத்து அல்சர் பத்து நிமிஷத்தில் மறைந்தது.

மாத்திரை விஷயம் வேடிக்கையானது. ஆச்சி அதுவரையில் மாத்திரையே சாப்பிடவில்லை என்று நினைக்க வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய பாண்டோப்ரசோல் மாத்திரையை, எரிச்சல் பொறுக்க முடியாத நாளில், சாப்பிட்டு முடித்த பிறகு ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். அதே மாத்திரையைத்தான் டாக்டரும் எழுதிக் கொடுத்தார்! வித்தியாசம் வேளையில்தான் இருந்தது. இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய இறைப்பான்கள் இருக்கின்றன. உணவு வரும்போதுதான் அவை வேலை செய்யத் தொடங்குகின்றன. வேலை செய்யும் இறைப்பானையே இந்த மருந்து பிடித்துப் பூட்டும். ஆகையால் உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் விழுங்கினால்தான் மருந்து ரத்தத்தில் தயாராக நிற்கும். உண்ட பிறகு விழுங்குவது, திருடன் போன பின் கதவைப் பூட்டுகிற கதை. முழுப் பலன் தெரிய நாலைந்து நாட்கள் ஆகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுவிட்டு, "இந்த மாத்திரை கேட்கவில்லை" என்று சொல்வது மாத்திரைக்குச் செய்யும் அநியாயம்.

1988-ல் ஸ்வீடனில் முதன் முதலாக விற்பனைக்கு வந்த ஒமிப்ரசோலின் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. வைத்திய சாஸ்திரத்தின் பெரிய வெற்றிகளில் இவற்றையும் சேர்க்கலாம். அதனால்தான் கவலையாகவும் இருக்கிறது. எட்டு வாரம் ஒழுங்காக உட்கொண்டு, பிறகு டாக்டர் யோசனைப்படி குறைக்க வேண்டியதை, நம்மவர்கள் வருஷக்கணக்கில் கடலைமிட்டாய் போல் வாங்கித் தின்கிறார்கள். நெடுங்காலம் உட்கொண்டால் சிலருக்கு பி-12 வைட்டமினும் மக்னீஷியமும் குறைகின்றன. இன்னும் சில சந்தேகங்களும் உண்டு. பல மாதம் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்த அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து எரிக்கும். அதைக் கண்டு பயந்து மறுபடியும் வாங்குகிறார்கள். உண்மையிலேயே நீண்ட நாள் வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பயந்து நிறுத்தவும் கூடாது. யார் எந்த வகை என்பதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பந்தியில் எதிர் இலைக்காரர் அல்ல. மருந்தால் அடங்காத சிலருக்கு, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் ரண சிகிச்சையும் உண்டு. ருடால்ப் நிஸ்ஸன் 1955-ல் தொடங்கி வைத்தது; இன்று சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள். ஆச்சிக்கு அது தேவைப்படவில்லை.

அவருக்குத் தேவைப்பட்டது ஓர் ஆசாரி.

டாக்டர் எழுதிய சீட்டின் கடைசி வரி, கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் அரையடிக்குக் குறையாமல் மரக்கட்டை வைத்து உயர்த்த வேண்டும் என்பது. தலையணைகளை அடுக்கினால் போதாதா என்று நண்பர் கேட்டார். போதாது, அதில் கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு அமுங்குமே தவிர, உடம்பு முழுவதும் சாய்வாகாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்றும் சொன்னார். இரைப்பையின் பை இடப்பக்கத்தில் தொங்குவதால், அப்படிப் படுத்தால் அமிலம் கீழேயும் அதன் வாய் மேலேயும் இருக்கும். ஆசாரி வந்து பர்மாக் கட்டிலின் காலைப் பார்த்தார். "இதுக்கு வேம்பு ஆகாது, தேக்குதான் பாரம் தாங்கும்" என்று சொல்லிப் பின்கட்டில் கிடந்த பழைய உத்தரத்தை அறுத்துக் கட்டை செய்தார். ஐந்து பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

பத்து மணிப் பாலும் ரஸ்க்கும் நிறுத்தப்பட்டன. மருமகளுக்கு முதலில் மனத்தாங்கல். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. புகையிலையைப் பற்றி நாம் விசாரிக்கவில்லை. பெரியவர்களை எல்லாக் கேள்விகளும் கேட்க முடியுமா?

புரட்டாசியில் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனோம். பின்னிரவில் வழக்கம்போல் தண்ணீர் குடிக்க எழுந்தபோது வளவில் நாற்காலி காலியாக இருந்தது. ஆச்சிக்குச் சில நாட்களில் இன்னமும் எரிச்சல் வருகிறது. மாத்திரை முற்றிலும் நின்றபாடில்லை, பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஆவணியில் ஒரு பேரன் கல்யாணத்துக்குப் போய், இரண்டு நாள் தங்கி, பகல் பந்தியில் இரண்டு பணியாரமும் சாப்பிட்டு வந்ததாகச் சொன்னார். அதைச் சொன்னபோது, எவரெஸ்ட் ஏறி வந்தவருக்கு இருந்திருக்கக்கூடிய பெருமை அவர் முகத்தில் இருந்தது.

வீட்டில் இப்போது புதிய சட்டம் அமலில் இருக்கிறது. ஆச்சிக்காக ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே பரிமாறப்படுகிறது. எட்டு மணிக்கு அடுப்படி விளக்கை அணைத்துவிடுகிறார்கள். பத்து மணிக்கு நண்பர் நம் அறைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, உங்ககிட்ட பிஸ்கட்டு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். அவருக்கு நெஞ்செரிச்சல் கிடையாது. பசிதான்.